துண்டுக்குள் ஒரு பொறி

அய்யாவின் பழைய மோட்டார் சைக்கிள் பத்தொன்பது முறை உதைத்தும் கிளம்பவில்லை. அக்காவை அழைத்துவர வேண்டும். பொறி தெறிக்கும் பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்தேன். வெயிலில் பொறி தெரியாது என்பதால் துண்டைப் போர்த்தித் தலையை உள்ளே நுழைத்து, உதைகோலைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். அந்த இருட்டும் பெட்ரோல் வாசனையும் என்னை உப்பூர்ச் சாலைக்குக் கொண்டுபோய்விட்டன.

அன்று அக்காவுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. மூவரும் போன வண்டி நடுவழியில் நின்றது. அய்யா வண்டியை வைதுகொண்டே உதைத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு," என்றேன்.

"வாயை மூடுலே."

"வண்டிய வையாதீங்கய்யா, பொறி வருதான்னு பாப்போம்," என்று அக்கா பிளக்கைக் கழற்றித் தாவணியால் மூடிக் குனிந்தாள். நானும் தலையை நுழைத்தேன். அய்யா உதைத்தார். பொறி இல்லை.

அக்கா பக்க மூடியைத் திறந்தாள். பொறிக்கு மின்சாரம் விட்டுவிட்டுத் தரும் பாயிண்டில் கடற்காற்றின் உப்பு பூத்திருந்தது. அய்யாவின் தீப்பெட்டியில் குச்சி உரசும் பக்கத்தைக் கிழித்து, இடுக்கில் விட்டு நிதானமாகத் தேய்த்தாள். தேர்வு எங்களுக்குத்தான், அவளுக்கில்லை என்பதுபோல இருந்தது. மறுபடி குனிந்தோம். தாவணி இருட்டில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கரி படிந்த விரல்களோடு தேர்வு எழுதினாள்.

துண்டுக்குள் இருக்கும்போதே கைபேசி அடித்தது. அக்காதான்.

"ஏலே, பஸ்ஸ விட்டு இறங்கி நிக்கிறேன். கிளம்பிட்டியா, இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கியா?"

"பொறி வரலக்கா."

"தீப்பெட்டி வச்சிருக்கேல்ல?"

அய்யாவைப்போல எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் சட்டைப்பையில் தீப்பெட்டி இல்லாமல் இந்த வண்டியை நான் தொட்டதே இல்லை.