சந்தையில் சாவி போடுகிறவள்

ஒகுல்ஷேக்கர் ஒரு தலைத்துணியை விரிக்கிறாள், உதறுகிறாள், மடிக்கிறாள், மறுபடி விரிக்கிறாள். கடைமுன் யார் வந்து நின்றாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். உளவுப் போலீஸின் மெருகேற்றிய கறுப்பு ஷூ தெரிந்தால், செல்போனைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

மரி நகரச் சந்தையில் அவளிடம் பூப்போட்ட துணியும் கிடைக்கும், ‘சாவி’யும் கிடைக்கும். அரசாங்கம் அடைத்து வைத்த இணையத்தைத் திறக்கும் செயலிக்கு அங்கே அதுதான் பெயர். "நேத்துப் போட்ட சாவி இன்னிக்குத் துருப்பிடிச்சிருச்சு" என்பாள், சிரிக்க மாட்டாள். சாவி போட்டதற்காகப் பக்கத்துக் கடை மெரெத்தை வசந்தத்தில் கறுப்பு ஷூக்காரர்கள் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவன் இப்போது பாத்திரத்துக்கு விலை கேட்டால்கூட விரலால் காட்டுகிறான்.

அன்று மதியம் வந்தவள் சவுலே, கசாக்குக்காரி. உறவில் ஒரு சாவுக்கு வந்த இடம். எல்லைக்கு அப்பால், அவள் ஊரான அக்தாவில் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் என்பதோடு சேதி நின்றுபோயிருந்தது. சாதாரண அழைப்பும் போகவில்லை.

"அக்கா, உசுரோட இருக்காளான்னு மட்டும் பாத்துக்கறேன்."

"மெதுவாப் பேசு. என் மூஞ்சியப் பாக்காத, துணியப் பாரு. சேதி வந்ததும் சாவிய அழிச்சிடு. வழியில போனை வாங்கிப் பாப்பாங்க."

ஒகுல்ஷேக்கர் சவுலேயின் போனைத் துணிக்குவியலுக்குள் வைத்துக்கொண்டு குனிந்தாள். சாவி ஏறியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிமிரும்போது கறுப்பு ஷூ.

"இங்க யாரோ போன்ல என்னமோ போட்டுத் தராங்களாமே?" என்றான் வந்தவன்.

"என் போனை எடுக்கவே மருமக வரணும், தம்பி. வீட்டம்மாவுக்கு நீலத்துல ஒண்ணு காட்டவா?"

குவியல் அதிர்ந்தது. சவுலே இருமினாள், இன்னும் இருமினாள், துணிகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் நீலத் துணியைத் தடவிப் பார்த்துப் போட்டுவிட்டு, எதிரே தேநீர்க் கடையில் போய் நின்றான். முகம் இந்தப் பக்கமே இருந்தது.

சவுலே மடிப்புக்குள் எட்டிப் பார்த்தாள். ‘ரெண்டு பேரும் நல்லாருக்கோம்மா. பொண்ணு.’ படித்துவிட்டுச் சாவியை அழித்தாள். உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"வாங்கற மூஞ்சியா இது?" தேநீர்க் கடைவரை கேட்கக் கத்தினாள் ஒகுல்ஷேக்கர். "அத்தனையும் கசக்கிட்டு நிக்கிறே. போம்மா, வேற கடையப் பாரு."

கத்திக்கொண்டே, துணிகளுக்கு அடியில் சவுலேயின் விரல்களைப் பிடித்தாள். விடவில்லை.