கல்லறை தெரியாமல் ஒரு படம்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்பாள் என் மனைவி. போன மாதம், டிசம்பரில் ஒரு ஞாயிறு, "கல்லறையப் போய் யாராவது படம் எடுப்பாங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பைக்கைக் கிளப்பிவிட்டேன். கம்பெனிகள் வந்த ஊர்களையெல்லாம் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். வீடு, கடை, வயல் எல்லாம் எடுத்தாயிற்று, கல்லறைதான் பாக்கி.

பூந்தமல்லியில் காலை ஆறரைக்குக் கிளம்பினேன். செம்பரம்பாக்கம் ஏரியை நின்று பார்க்க ஆசை. பின்னால் வந்த கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தே விரட்டியது. ஸ்ரீபெரும்புதூர் இருபது கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரம். அங்கே குடித்த டீ பதினைந்து ரூபாய், வாயில் வைக்க வழியில்லை. ஒரகடம் சாலையில் திரும்பி, பிள்ளைப்பாக்கம் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு சந்து. அதில் அரை கிலோமீட்டர் போனால் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம்.

நாலு பக்கமும் மாடி வீடுகள், கொடிகளில் கம்பெனி யூனிஃபாரம். கல்லறைத் திருநாளுக்கு அடித்த வெள்ளை இன்னும் பளிச்சென்று இருந்தது. ஓர் இடத்தில் நிலையாக நிற்க முடியவில்லை எனக்கு. ட்ரைபாடை ஊன்றுவேன், அந்த மூலை நன்றாக இருக்குமோ என்று தோன்றும், பிடுங்கிக்கொண்டு ஓடுவேன்.

"யாருப்பா அது? எடம் அளக்குறியா?"

மதிலை ஒட்டிய மாடியிலிருந்து ஓர் அம்மா. இந்தப் பக்கம் எதையாவது ஊன்றி நின்றால் சர்வேயர், இல்லாவிட்டால் நிலப் புரோக்கர். போட்டோ எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்கிக் காட்டினேன்.

"செத்தவங்கள எடுத்து இன்னா பண்ணப் போற? மேல வா. உயிரோட கீறவங்க வூட்டை எடுத்துக் குடு."

பெயர் லூர்து மேரி, அறுபது வயதிருக்கும். கணவர் டெம்போ ஓட்டியவர், மாடி கட்டி முடித்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாராம். மகன் ஓசூரில் இருக்கிறான். "மாடிக்கு வாடகைக்கு ஆள் வந்தா இரு, இல்லன்னா பொங்கலோட வூட்டை வித்துட்டு இங்க வந்துருன்றான். நான் போவ மாட்டேன் தம்பி. ஆனா வர்றவங்க அத்தினி பேரும் பின் ஜன்னலத் தொறந்து பாக்குறாங்க, ஓடிடுறாங்க. நீ கல்லறை தெரியாம நல்லதா நாலு போட்டோ எடுத்துக் குடு, போன்ல போட்டு ஆள் புடிச்சிக்கிறேன்."

வெயில் ஏறுகிறதே என்று எனக்கு மனசு பறந்தது. ஆனால் அதற்குள் காபியைக் கையில் கொடுத்துவிட்டார். காபி வேறு பிரமாதம். ஜன்னலை மூடி எடுத்தால் அறை குடோன் மாதிரி இருட்டு. திறந்தால் சிலுவைகள். மொட்டை மாடி, படிக்கட்டு, வாசல் என்று ஓடினேன்; எங்கே நின்றாலும் ஒன்றாவது எட்டிப் பார்த்தது.

கடைசியில் பொறுமை போய், ஜன்னலைத் திறந்துவைத்தே போனில் எடுத்தேன். "இதையெல்லாம் அழிச்சிடலாம்மா, ஒரு நிமிஷ வேலை" என்று சிலுவைகளை விரலால் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். முதல் வரிசை போயிற்று. "அட, மாயம்பா!" என்று சிரித்தார். இரண்டாவது வரிசை ஓரத்துச் சிலுவையைத் தேய்த்தேன். அந்த இடத்தில் வெறும் புல் வந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, எங்க வூட்டுக்காரர் எங்க?"

எனக்குப் புரியவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டினார். "அதோ கீறாரு பாரு. நீ தொடச்சிட்டியே. போடு. மொதல்ல அவரத் திருப்பிப் போடு."

போட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாருக்காக இந்த வூட்டை வுட்டுப் போவ மாட்டேன்னு நிக்கிறேன்? அவர வுட்டுப் போவ முடியாமத்தான? அவரையே மறச்சி ஆள் புடிக்கிறேன் பாரு, புத்தி கீதா எனக்கு? ஜன்னல் தொறந்தே இருக்கட்டும். எல்லாரையும் போடு."

அப்படியே அவர் போனுக்கு அனுப்பினேன். வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் வாலாஜாபாத் வரை சும்மா ஓட்டினேன். ஒன்பது வாடகை வீடு மாறியவன் நான். ஒரு வீட்டையும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு என்னவோ போல இருந்தது.

போகிறவர்களுக்கு: ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் மாட்டாதீர்கள். கல்லறைக்குள் போக சர்ச்சில் ஒரு வார்த்தை கேளுங்கள். பெட்ரோல் இருநூறு ரூபாய்க்குள் முடியும். ட்ரைபாட் வேண்டாம், சத்தியமாக வேண்டாம்.

ஒரகடம் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இரண்டு அறை, நல்ல தண்ணீர், நல்ல காற்று. பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, சீக்கிரம் போங்கள். பின் ஜன்னலைத் திறந்ததும் இரண்டாவது வரிசை ஓரத்தில் வெள்ளைச் சிலுவை தெரியும். சவரிமுத்து என்று பெயர். முதலில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வாடகை பேச வேண்டும் என்று எழுதச் சொன்னார் அந்த அம்மா.