பேசிக்கொண்டே ஓடிய லோகநாதன் அண்ணன்

லோகநாதன் அண்ணன் இறந்த செய்தியைத் தங்கராஜாதான் தொலைபேசியில் சொன்னார். "லோகா போயிட்டாரு லா," என்றவர், நான் வாய் திறப்பதற்குள், "ஞாயித்துக்கிழம அவரு பேர்ல ஓடுறோம். பிரிக்பீல்ட்ஸ்லேருந்து கிள்ளான் வரைக்கும், முப்பது கிலோமீட்டர், நிக்காம!" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அண்ணனை அறியாதவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

செந்தூலில் வசித்த லோகநாதன் அவர்கள் வங்கி அதிகாரி. எண்பதுகளின் நடுவில், நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் ட்ரையத்லான் பைத்தியம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தைப் பிடித்த காலத்தில் வந்து சேர்ந்தார். கூட்டம் என்றால் தொப்பை விழுந்த குடும்பஸ்தர்கள். தலைவர் தங்கராஜா, கார் உதிரிபாகக் கடைக்காரர். ஞாயிறுதோறும் ஒருவரை ஒருவர் விரட்டிவிட்டு ரொட்டி சானாய் என்னும் பரோட்டா விற்கும் கடையில் போய் விழுவதற்குப் பெயர் பயிற்சி. போட்டிக்கு முந்திய வாரம் இன்னும் கேவலம், அப்போதுதான் இருமடங்கு ஓடுவார்கள். தைப்பூச விரதம்போல் உடம்பை வருத்தினால் பலன் தானாக வரும் என்று நம்பினார்கள். முருகன் மனமிரங்குவார், முழங்கால் இரங்குமா?

அண்ணனும் காவடி எடுத்தவர்தான். ஆனால் விரதத்தையும் ஓட்டத்தையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. ஆண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டார். முதல் சில மாதங்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் மட்டும். பேச்சு நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்து மலைச்சாலைகள். அதன் பிறகுதான் கடுமையான ஓட்டம். ஒவ்வொரு நான்காம் வாரமும் எல்லாவற்றையும் பாதியாக்குவார். போட்டி நெருங்க நெருங்க இன்னும் குறைப்பார்.

"பெரிய வீரன் ஓடிட்டுத் தூங்குவான் தம்பி. நாம ஓடிட்டு ஆபீஸ் போறோம். நமக்குத்தான் இந்த ஓய்வு ரொம்ப வேணும்," என்பார். கூட்டம் அவருக்கு வைத்த பெயர் 'சோம்பேறி அண்ணன்'.

போர்ட்டிக்சனில் ஒரு போட்டி. முந்திய ஞாயிறு உலு லங்காட் மலைச்சாலையைத் திரும்பத் திரும்ப ஏறித் தள்ளிய தங்கராஜா, ஓட்டத்தின் பாதியில் கெண்டைக்கால் பிடித்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சோம்பேறி அண்ணன் அவரைக் கடந்தபோது, "நீங்கதான் போன வாரமே முடிச்சிட்டீங்களே பாஸ்," என்றார். தங்கராஜா பழியைக் காலணி மேல் போட்டார்.

கடைசியில் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். ஒரே ஒரு பருவம், எல்லோரும் சேர்ந்து இந்த முறையில் பழகிப் பார்ப்போம் என்றார். சரி என்று தலையாட்டினார்கள். மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள். குறைக்க வேண்டிய வாரம் வந்ததும் அவருக்குத் தெரியாமல் சைக்கிளில் மலைக்குப் போனார்கள். அன்று எனக்குக் கிள்ளானில் வேலை. அதனால்தான் நான் யோக்கியன். ரொட்டிக் கடையில் வியர்வையோடு பிடிபட்ட மீசைக்காரர்களைப் பார்த்து அண்ணன், "சாப்பிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் முகம் அன்று வாடியதற்காக அவர்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நாங்கள் இருவரும் மட்டும் ஓடினோம், பேசிக்கொண்டே.

சென்ற ஆண்டு புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றுவார்கள், பிறகு சில வாரம் விட்டுவிடுவார்கள். "பாத்தியா, டாக்டருக்கே தெரியுது லா. தங்கராஜாவுக்குத்தான் தெரியல," என்று படுக்கையிலிருந்து சிரித்தார். இன்னும் இரண்டு மாதத்தில் நான் ஓடப்போகும் போட்டிக்கு எனக்கான வாரங்களையும் அவரே சொல்லிவந்தார்.

நேற்று அந்த மகத்தான நினைவோட்டம் நடந்தது. பயிற்சியே இல்லாமல் கிளம்பிய கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பாதி வழியிலிருக்கும் சுங்கை வே தாண்டுவதற்குள் டாக்சி பிடித்தார்கள். இவர்களுடைய மரியாதைக்கு அண்ணன் ஒரு நாளும் ஏங்கியதில்லை. கொஞ்சம் புத்தி வராதா என்றுதான் ஏங்கினார்.

நான் அவர் வீட்டில் இருந்தேன். "நீ போகலையா தம்பி?" என்று அவருடைய மனைவி கேட்டார்.

"எனக்கு இது நாலாவது வாரம் அக்கா. கொறைக்கணும்."

அண்ணன் போன நாளிலிருந்து அழுதுகொண்டே இருந்தவர் சிரித்துவிட்டார்.

அண்ணே, இன்று காலை செந்தூலில் கொஞ்ச தூரம்தான் ஓடினேன். நீங்கள் சொன்ன அதே வேகம். பேச்சு நிற்காமல் ஓடலாம் போலிருந்தது. பேசத்தான் ஆள் இல்லை. போய் வாருங்கள்.