எழுப்பப் போகிறவர் எதற்காக அழுதார்?

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதருக்கு, கூட வேலை செய்பவர்கள் 'விசாரணை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லும்போது, "சரிப்பா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் தேஞ்சது?" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவார். நாற்பத்து மூன்று வயதிலும் அந்தக் குணம் போகவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்த அவர் மனைவி, "ஒரு வக்கீலைக் கட்டியிருந்தாலாவது சாயங்காலத்துக்கு மேல கேள்வி கேக்காம இருந்திருப்பாரு" என்பாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். குழந்தை இல்லை. கடைசியில் இருவரும் குழந்தைகள் நல அலுவலகத்தில் பெயர் கொடுத்துவைத்தார்கள். பிறந்து இருபது நாளான ஒரு பெண் குழந்தை வந்தது. பெற்றவள் பிரசவத்திலேயே இறந்துபோயிருந்தாள். உறவென்று யாரும் வராவிட்டால் தத்தெடுக்கலாம், அதுவரை நீங்கள் வளர்ப்பவர்கள் மட்டும்தான் என்று அதிகாரி அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இருவரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். கை போட்ட கையெழுத்து மனசுக்கு எங்கே தெரிகிறது?

சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்த பாதங்களைப் பார்த்து 'சுண்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தவழத் தொடங்கியதும் சுண்டு ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். அவர் மடியில் ஏறி, சட்டைப் பித்தானை ஒரு விரலால் அழுத்துவாள். "மேலே போகிறது" என்று அவர் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அடுத்த பித்தானை அழுத்தினால் கீழே இறங்க வேண்டும். அவர் இறக்க மறந்தால் காலை உதைப்பாள்.

பதினாலு மாதம் கழித்து, பெற்றவளின் அக்கா வந்தார். அக்கா தங்கைக்குள் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். வேறு தேசத்தில் இருந்தவருக்குத் தங்கை செத்த சேதியே தாமதமாகத்தான் போயிருந்தது. நீதிமன்றம் குழந்தையைப் பெரியம்மாவிடம் கொடுக்கச் சொன்னது. அவர் பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. திட்டித் தீர்க்கக்கூட ஓர் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டார்கள். எப்போது பால், எப்போது தூக்கம், எந்தப் பக்கம் பல் முளைக்கிறது என்று மனைவி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பெரியம்மா அதைப் படிக்க முடியாமல் அழுதார். சுண்டு தினமும் இவர் லிஃப்ட் வேலைக்குக் கிளம்பும்போது காட்டுவதுபோலவே கையசைத்துவிட்டுப் போனாள். தான் கிளம்புவது அவளுக்குத் தெரியவில்லை.

ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். மனைவியின் அண்ணன், "கடவுள் இதைவிடப் பெருசா ஏதோ வச்சிருக்காரு மாப்ளே" என்றார்.

"பெருசா எதுவும் வேண்டாம் மச்சான். இருந்ததே போதும்" என்றார் இவர்.

மனைவி அழவில்லை. வீட்டில் துவைக்க வேண்டியது, வேண்டாதது எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்தாள். சர்ச்சுக்கு வர மறுத்தாள். அவர் மட்டும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காதில் எதையும் வாங்காமல் திரும்பிவந்தார்.

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை ஒன்று காதில் விழுந்துவிட்டது. நண்பன் இறந்து நாலு நாள் கழித்து இயேசு வருகிறார், கல்லறைப் பக்கம் நின்று அழுகிறார், பிறகு அவனை உயிரோடு எழுப்புகிறார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் அது அவரை உறுத்தியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறவர் எதற்காக அழுதார்?

மறுநாள் வேலையிடத்தில் கூட்டாளியிடம் கேட்டார். கூட்டாளிக்குச் சர்ச்சும் கிடையாது, சாமியும் கிடையாது. ஆனால் கதை கேட்கப் பிடிக்கும்.

"எழுப்பப் போறது அவருக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"தெரியும். கிளம்புறப்பவே சொல்லிட்டாரு."

"அப்ப நேரா போய் எழுப்ப வேண்டியதுதானே? நடுவுல எதுக்கு அழுகை?"

"அதைத்தானப்பா நானும் கேக்கறேன்."

மச்சானைக் கேட்டதற்கு, துக்க வீட்டில் ஒரு மரியாதைக்கு அழுதிருப்பார் என்றார். மரியாதைக்கு அழுகிற ஆளாக அவர் தோன்றவில்லையே என்று இவருக்குப் பட்டது. புதன்கிழமை போதகர் வீட்டுக்கே போய்விட்டார். போதகர் இவரைவிடப் பத்து வயது இளையவர். கேள்வியைக் கேட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"படிக்கிறப்போ இதுக்கு மூணு பதில் சொல்லிக்கொடுத்தாங்கண்ணே. உங்க முகத்தைப் பாத்தா மூணும் செல்லாது போலிருக்கு. உண்மையைச் சொன்னா, எனக்குத் தெரியல."

அந்த ஏழு வாரத்தில் கேட்டதிலேயே அந்த 'தெரியல'தான் அவருக்கு இதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"சுண்டு போனதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் அவள், துணியைப் பிழிந்துகொண்டே.

"தெரியல. ஆனா விட மாட்டேங்குது."

இரண்டு வாரம் கழித்து, ஒரு மதிய வேளையில், அலுவலகக் கட்டடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் இருக்கிறார் என்றார்கள். கூட்டாளி மேலே மெஷின் அறைக்கு ஓடினான். பெட்டியை மெதுவாக இறக்கிக் கதவைத் திறக்க ஐந்து நிமிடம் போதும். ஆபத்து ஒன்றுமில்லை. அவர் செய்ய வேண்டியதெல்லாம் நாலாவது மாடிக் கதவுப் பக்கம் நின்று, பயப்படாதீங்க என்று சொல்வதுதான். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

உள்ளேயிருந்த பெண் அழுதுகொண்டிருந்தார். "எங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. உடனே வான்னு போன் வந்துச்சு. கீழ இறங்கத்தான் ஏறினேன். நான் போறதுக்குள்ள…"

அவர் கதவிடுக்கில் வாயை வைத்தார். 'பயப்படாதீங்க' வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுண்டு போன நாளிலிருந்து வராத அழுகை அங்கே, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக வந்தது.

உள்ளே சத்தம் நின்றது. "அண்ணா, நீங்க ஏன் அழறீங்க? கதவு திறக்காதா?"

"திறந்திடும்மா. இன்னும் நாலு நிமிஷம்தான். எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். "நீங்க உள்ள அழறீங்களே."

கதவு திறந்ததும் அந்தப் பெண் அவர் கையை ஒரு நொடி இறுகப் பிடித்துவிட்டுப் படிக்கட்டு வழியாக ஓடினார். போய் அப்பாவைப் பார்த்தாரா, இல்லையா என்பது இவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று மாலை மனைவி சமையலறையில் நின்றிருந்தாள். அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு, "அப்போ சுண்டு போன அன்னைக்கு இயேசுவும் அழுதிருப்பாரா?" என்றாள்.

"அப்படித்தான் தோணுது."

"ஆனா நம்மகிட்ட திருப்பித் தரலையே."

"தரல."

அது ஏன் என்று தேட அவருக்குத் தோன்றவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒன்பது வாரத்து அழுகையையும் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இருவரும் கடவுளிடம் பேசினார்கள். ஜெபம் என்று அதைச் சொல்லலாமா தெரியாது. நன்றி சொல்லவில்லை, எதையும் கேட்கவுமில்லை. சுண்டுவின் பல்லைப் பற்றி, பித்தான் விளையாட்டைப் பற்றி, அவள் தூக்கத்தில் சிரிப்பதைப் பற்றி, அவருக்குத் தெரியாத சேதிபோல மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அன்றைக்கு இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அவளும் சர்ச்சுக்கு வந்தாள். வருத்தம் போய்விடவில்லை. ஆனால் அதைத் தனியாகத் தூக்குகிறோம் என்ற நினைப்பு போயிருந்தது.

எட்டு மாதம் கழித்துக் குழந்தைகள் நல அலுவலகத்தில் மறுபடியும் பெயர் கொடுத்தார்கள். அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தத் தடவையும் உறவுக்காரங்க வந்தா?" என்று கேட்டார்.

"வந்தா கொடுப்போம்மா. அழுவோம்" என்றாள் மனைவி.

மழை பெய்த ஒரு வியாழக்கிழமை அக்காளும் தங்கையுமாக இரண்டு சிறுமிகள் வந்தார்கள். பெரியவள் நேரே உள்ளே போய் எந்தக் கட்டில் தனக்கு என்று பார்த்தாள். சின்னவள் வாசற்படியைத் தாண்ட மறுத்து, பையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மனைவி போய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்றரை மணி நேரம் இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சின்னவள், "பசிக்குது" என்றாள்.