ஷேடு பார்க்கப் போன ரேஸ் அணி

போன வாரம் அவிநாசி ரோட்டில் சிக்னலுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக், நீலப்புகையை அள்ளி வீசியபடி உறுமிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தேன். பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். அந்தப் புகையில் விளக்கெண்ணெய் வாசம் மட்டும்தான் குறை. எங்கள் பழனிச்சாமி அண்ணன் ரேஸ் பைக்குக்குப் பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலந்துதான் ஊற்றுவார்.

எங்களிடம் ரேஸ் பைக் இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். இப்போது என்னைப் பார்த்தால் தையல் மெஷின் மிதிப்பதற்கே மூச்சு வாங்கும் ஆள் என்றுதான் தோன்றும். ஆனால் இருபத்தொரு வயதில் நான் இந்த வட்டாரத்தையே கலக்கிய ஒரு ரேஸ் அணியில் இருந்தேன். ஓட்டியது நானில்லை. நேரம் பார்த்தேன்.

அப்போது பனியன் கம்பெனியில் எனக்கு டைம் ஸ்டடி வேலை. கையில் ஸ்டாப் வாட்ச், கழுத்தில் அட்டை, காதில் பென்சில். டெய்லர்களுக்குப் பின்னால் நின்று, ஒரு கை வைத்துத் தைக்க எத்தனை செகண்டு, கழுத்து அடிக்க எத்தனை செகண்டு என்று குறிக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று டார்கெட் போடுவார்கள். அதனால் என் நிழல் தெரிந்ததும் மொத்த லைனும் ஆமை வேகத்துக்கு இறங்கிவிடும். நூல் அறுந்துபோகும், ஊசி தொலைந்துபோகும், ஒருவருக்குத் தும்மல்கூட வரும். வாட்சைப் பார்த்ததும் வேகம் எடுத்த ஒரே ஆள் மார்ட்டின். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர், என்னைவிட ஒரு வயது சின்னவன். "ஏல, நீ இப்படித் தச்சா எங்க டார்கெட்டும்லா ஏறும்?" என்று அவனுடைய ஊர்க்காரர்களே அவனைத் திட்டித் தீர்ப்பார்கள். "வாட்ச பாத்தா கை நிக்க மாட்டேங்குதுண்ணே" என்பான், பாவமாக.

அந்தக் கை நிற்காத வியாதியை முதலில் புரிந்துகொண்டவர் பழனிச்சாமி அண்ணன். எங்கள் கம்பெனியின் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். தறிக்கார வீட்டுப் பிள்ளை, நெற்றியில் விபூதி இல்லாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். இரண்டு பழைய பைக்குகளைப் பிரித்து ஒன்றாகக் கோத்து, மார்ட்டினை ஏற்றிவிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"அம்மிணி, ஞாயித்துக்கெழம உங்க கடியாரத்தக் கொஞ்சம் குடுங்க."

"கடியாரம் தனியா வராதுங்ணா. நானும் வருவேன்."

வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். தலை முதல் கால் வரை செம்மண்ணோடு திரும்பியபோது அம்மா நிதானமாகக் கேட்டாள்: "எந்தக் கம்பெனில கண்ணு, மண்ணுக்குள்ள ஓவர்டைம் பாக்கறாங்க?"

எனக்குத் தெரிந்தது பனியனுக்கு நேரம் பார்ப்பது ஒன்றுதான். அதையே அங்கும் செய்தேன். குன்னத்தூர் தாண்டி, தண்ணீர் வற்றிய குளத்துக்குள் இருந்த மண் டிராக்கைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். முதல் வளைவு கழுத்து, அடுத்தது தோள், நீளமான நேர்ப்பாதை பக்கத் தையல். "மார்ட்டின், கழுத்துல ரெண்டு செகண்டு வீணாப் போகுது" என்று நான் கத்தினால், மற்ற அணிக்காரர்கள் அவனுடைய கழுத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அடுத்த சுற்றில் அந்த இரண்டு செகண்டு திரும்பி வந்திருக்கும். கோபி, பொள்ளாச்சி என்று எங்கே போனாலும் நாங்கள்தான் முதலில் வந்தோம். எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியது.

ஜனங்கள் எங்களைச் சிவப்புப் பனியன் என்றுதான் சொல்வார்கள். நிறத்தின் ஷேடு சரியில்லை என்று, எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர் ஒதுக்கிய சிவப்புத் துணி எங்கள் குடோனில் கிடந்தது. முதலாளி அதை அணிக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் அந்த லாட்டில் தைத்த பனியனைப் போட்டுத்தான் ஜெயித்தோம். அதைப் போடாமல் ஜெயிக்கவே முடியாது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் நம்பினோம்.

குன்னத்தூர்க் கோப்பைக்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தால் கோப்பை அந்த அணிக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டாம். இரண்டு முறை ஜெயித்துவிட்டோம். மூன்றாவதற்கு முன்பே முதலாளி ஆசாரியை வரவழைத்து, கோப்பையின் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து ஆபீஸில் வைத்தார். மார்ட்டின் தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்தக் காலிப் பெட்டியைத் துடைப்பான். ஊரில் அவன் அப்பாவுக்கு, மகன் பனியன் தைக்கப் போய்ப் பைக்கில் சுற்றுகிறான் என்று வருத்தம். கோப்பையோடு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்பான்.

அந்த நேரம் பார்த்துச் சிவப்புத் துணி தீர்ந்துபோனது. ரேஸுக்கு மூன்று நாள்தான் இருந்தது. "அதே செவப்பு வேணுங்க சாமி, போட்டோவுல மாறித் தெரியக் கூடாது" என்றார் முதலாளி. அண்ணன், மார்ட்டின், நான் மூன்று பேரும் சாயப்பட்டறைக்குக் கிளம்பினோம். முதல் சாயம் செங்கல் மாதிரி வந்தது. இரண்டாவது குங்குமம். மூன்றாவதை டியூப்லைட்டில் பார்த்து மயங்கி, வெயிலில் பார்த்துத் திட்டினோம். "இது மொளகாப்பழச் செவப்புங்க. நம்முளுது கோவப்பழம்" என்று பழனிச்சாமி அண்ணன் அடம்பிடித்தார். துணியை ஒதுக்கிய அந்த பையர்கூட இவ்வளவு படுத்தியிருக்க மாட்டார். சனிக்கிழமை மத்தியானம் ஐந்தாவது சாயம் சரியாக அமைந்தது. மூன்று பேரும் கட்டிப்பிடிக்காத குறை. அன்றே தைத்தும் முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தம் பத்துச் சுற்று. ஏழாவது முடிந்தபோது மார்ட்டின் நல்ல தூரம் முன்னால் இருந்தான். எட்டாவது சுற்றில் கழுத்தைத் தாண்டினான், தோளைத் தாண்டினான், அப்புறம் காணவில்லை. மற்ற பைக்குகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்தன. என் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் பழனிச்சாமி அண்ணன் டூல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். அவர் கையில் புதுச் செயின், பிரிக்காத காகிதத்தோடு. சனிக்கிழமை மாட்ட வேண்டியது. சனிக்கிழமை நாங்கள் கோவைப்பழத்தில் இருந்தோம்.

பொள்ளாச்சிக்காரர்கள் ஜெயித்து, கொடி அசைத்து முடிந்த பிறகு, புழுதிக்குள்ளிருந்து மார்ட்டின், அறுந்த பழைய செயின் தொங்க, பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். கழுத்து, கை, முகம் எல்லாம் சிவப்பு. "ஐயோ, ரத்தமுங்க!" என்று யாரோ அலற, முதலுதவிக்காரர் பஞ்சோடு ஓடினார். நான் அவரையும் முந்திக்கொண்டு ஓடி, அவன் கழுத்தைத் துடைத்து முகர்ந்து பார்த்தேன். சாயம். பையருக்கு அனுப்பும் துணியைத் துவைத்துத் தேய்த்து, சாயம் போகிறதா என்று ஏழு முறை பார்க்கிற நாங்கள், எங்கள் பனியனை ஒரு முறைகூடத் தண்ணீரில் நனைக்கவில்லை.

மார்ட்டின் கோட்டைத் தாண்டியதும் என் கட்டைவிரல் தானாக வாட்சை அழுத்தியது. அவன் பைக்கைச் சாய்த்துவிட்டு, சிவந்த கையை விரித்துப் பார்த்தான். அழப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"ஆனா ஷேடு ஓகேலா?" என்றான்.

பழனிச்சாமி அண்ணன் தரையில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் அந்தக் குளமே சிரித்தது. தோற்ற வலி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாள் வேறு இல்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு இறங்குமுகம்தான். மற்றவர்கள் புது பைக், கூடாரம், தனி மெக்கானிக் என்று வந்தார்கள். நாங்கள் மூன்றாவது வந்தோம், ஆறாவது வந்தோம், ஒரு வருடம் பெயரே கொடுக்கவில்லை. மார்ட்டின் ஊருக்குப் போய்ச் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்துவிட்டான். அண்ணன் காங்கேயம் ரோட்டில் மெஷின் ஸ்பேர்ஸ் கடை போட்டார். கோப்பையை யாருமே மூன்று முறை தொடர்ந்து ஜெயிக்கவில்லை. ரேஸே நின்றுபோனது. கண்ணாடிப் பெட்டியில் ரொம்ப நாள் அந்தப் பிரிக்காத செயின்தான் இருந்தது. அண்ணன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை அது. பிறகு ஆபீஸை இடித்துக் கட்டினார்கள், பெட்டி போன இடம் தெரியவில்லை. குளத்தில் தண்ணீர் நிற்கிறது. அது ஒன்றுதான் நல்ல செய்தி.

சிக்னலில் பச்சை விழுந்ததும் அந்தப் பழைய பைக் பறந்தது. என் கட்டைவிரல் தானாக ஹேண்டில் பாரை அழுத்தியது. வீட்டுக்கு வந்ததும் மார்ட்டினை அழைத்துச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "எக்கா, நான் தள்ளிட்டு வந்த அந்தக் கடைசி சுத்து எவ்வளவு?"

நாங்கள் ஜெயித்த சுற்றுகளை எல்லாம் எழுதி வைத்த நோட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. அதில் இருந்த ஒரு நேரம்கூட எனக்கு நினைவில்லை. யோசிக்காமல் சொன்னேன்: "பதினோரு நிமிசம், நாப்பது செகண்டு."