பெறுநர்: புஷ்ரா, ஷார்ஜா

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். என் கைச்சரக்கு ஒரு வரிகூட இல்லை. இதை எனக்குச் சொன்னது ஸ்ரீரஞ்சனியே; நடந்ததும் அவளுக்குத்தான். ஒன்று கவனித்தேன். பயந்த கதையை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையைச் சொல்லும்போதுதான் தலையைக் குனிந்துகொண்டாள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1998 நவம்பர். மயிலாப்பூரில், லஸ் பக்கம், ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர். ஐந்து கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். சாட் ரூமில் எப்படி நுழைவது, எப்படிப் பேசுவது என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஸ்ரீரஞ்சனியின் வேலை. வயது இருபத்து மூன்று. அன்றைக்கு இந்த வித்தை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்தது.

ஷரஃபுதீன் பாய் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் டைப் அடித்தவர். மகள் புஷ்ராவுக்கு ஷார்ஜாவில் வேலை. செவ்வாய் மூன்று மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பாய் அடிக்க உட்கார்ந்தால் விரல் பறக்கும். ஆனால் ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? சாட்டிலும் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மனுவாகவே அடிப்பார். நடுநடுவே இடது கை தானாக எழும்பி, இல்லாத டைப்ரைட்டர் கைப்பிடியைத் தள்ளும். என்டர் மட்டும் தட்டமாட்டார்.

"முழுசா முடிக்காம எப்படிம்மா அனுப்பறது?" என்பார். பத்திரத்தைப் பாதியில் யாராவது கொடுப்பார்களா? அவர் முடிப்பதற்குள் அந்தப் பக்கம் புஷ்ரா காத்திருந்து காத்திருந்து போய்விடுவாள். இப்படியே இரண்டு செவ்வாய் வீணாயிற்று.

மூன்றாவது செவ்வாய், நவம்பர் பத்து. காலேஜ் பிள்ளைகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். பாய் நான்காம் நம்பர் கம்ப்யூட்டரிலிருந்து ஐந்தாவது தடவையாகக் கூப்பிட்டார்.

"அம்மா, இதை அனுப்பறது எப்படி?"

ஸ்ரீரஞ்சனிக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, திரையில் இருந்ததை ராகம் போட்டு உரக்கப் படித்தாள்.

"அனுப்புநர், மு. ஷரஃபுதீன், தட்டச்சர்... பெறுநர், மதிப்பிற்குரிய மகள் புஷ்ரா, ஷார்ஜா... பொருள், உடல்நலம் தொடர்பாக..."

ஆறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"பாய், இது ரிஜிஸ்டர் ஆபீஸ் இல்ல. ஸ்டாம்ப் பேப்பர் எடுத்துண்டு வரட்டுமா?"

பாயும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மணி 3.35. கடிதத்தில் இன்னும் பத்து வரி இருந்தது. அவள் படிக்கவில்லை. மூடிவிட்டாள்.

உடல்நலம் என்று தன் வாயாலேயே படித்தோமே, அதற்கப்புறமும் சிரித்தோமே என்று அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த செவ்வாய் வந்தால் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தாள்.

நவம்பர் பதினேழு. விடாத மழை. சென்டரில் ஒரு ஆள் இல்லை. பாயும் வரவில்லை. முதல் கம்ப்யூட்டரில் சாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

3.07. டிங்.

அவளை மட்டும் தேடி ஒரு செய்தி. பெயர், டைப்பிஸ்ட். பாய்க்கு அவளே வைத்துக் கொடுத்த பெயர். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"அம்மா, இதை அனுப்பறது எப்படி?"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வேறு சென்டருக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. வேகமாக அடித்தாள். "பாய், அன்னிக்கு நான் பண்ணது தப்பு. மன்னிச்சிடுங்கோ. மகள் பேரை கிளிக் பண்ணுங்கோ. ஒரு வரி அடிங்கோ. உடனே என்டர் தட்டுங்கோ."

3.09. "அம்மா, இதை அனுப்பறது எப்படி?"

மறுபடி சொன்னாள்.

3.10. "அம்மா, இதை அனுப்பறது எப்படி?"

எந்த சென்டரில் இருக்கிறார்? தெரிந்தால் போனில் சொல்லலாமே. அவர் பெயரைத் தட்டி, எங்கிருந்து வருகிறார் என்று பார்த்தாள். இன்டர்நெட் முகவரி எண்கள் வந்தன. பழகிய எண்கள்.

அவள் உட்கார்ந்திருக்கும் இதே சென்டரின் எண்கள்.

திரும்பிப் பார்த்தாள். நான்காம் நம்பர் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை.

உறைக்குள்ளே... டக். டக். டக்டக்டக்.

3.14. கீழே இருக்கும் முதலாளியைக் கூப்பிட டெலிபோனை எடுத்தாள். லைனில் கம்ப்யூட்டர் இருந்தால் காதைப் பிளக்கும் இரைச்சல் வரவேண்டும்.

வரவில்லை. டயல் டோனும் இல்லை. மழையில் லைன் செத்துப் போயிருந்தது.

மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

அப்படியானால் இது...

டிங். "உரக்கப் படி."

திரையில் கடிதம் வரி வரியாக இறங்கியது. அவள் படித்தாள். ஆளில்லாத அறையில், உரக்க.

"அனுப்புநர்... பெறுநர்..."

"பொருள்... உடல்நலம்..."

பிறகு, அன்று படிக்காத பத்து வரி.

"நெஞ்சு வலி அதிகம். ஆபரேஷன் என்கிறார் டாக்டர். உன் அம்மாவுக்குத் தெரியாது. போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே டைப் செய்கிறேன். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ."

டக்.

3.21. எல்லாம் அணைந்தது.

டிசம்பர் ஒன்றாம் தேதி, கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் மாடியேறி வந்தாள். புஷ்ரா.

"ஸ்ரீரஞ்சனி நீங்கதானா? அத்தா மவுத்தாயிட்டாங்க. நவம்பர் பத்து. இங்கேர்ந்து எறங்கிப் போய், பஸ் ஸ்டாப்புலயே சாஞ்சு உசுரு போயிடுச்சு. 3.50 இருக்கும்னு பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க."

ஸ்ரீரஞ்சனி ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு அடிச்ச லெட்டர் ஒரு வாரம் கழிச்சுத்தான் என் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. பதினேழாம் தேதி, எங்க ஊர் நேரம் 1.51. லைன் கோளாறுல லேட்டாயிருக்கும்னாங்க."

அங்கே 1.51 என்றால் இங்கே 3.21.

புஷ்ரா பிரிண்ட் எடுத்த காகிதத்தை நீட்டினாள். கடிதத்துக்குக் கீழே, பத்திரங்களின் அடியில் இருப்பதுபோல் ஒரு வரி.

"உரக்கப் படித்துக் காட்டியவர்: கு. ஸ்ரீரஞ்சனி. 10.11.98, மணி 3.35."

பாய் ஒருநாளும் அவள் பெயரைக் கேட்டதில்லை. அம்மா என்றுதான் கூப்பிடுவார். இனிஷியல் அந்த சென்டரில் யாருக்குமே தெரியாது.

"கடைசி நாள்ல பக்கத்துல இருந்து படிச்சுக் காட்டி ஒதவியிருக்கீங்க" என்று புஷ்ரா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒங்களை மறக்கவே மாட்டேன்."

கேலி செய்யத்தான் படித்தேன் என்று ஸ்ரீரஞ்சனி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.