மூடிய கடைக்குக் காவல்

டெக்சஸ் மாநிலத்துக் கால்டர் ஊரில் வெர்லீன் ஸ்ட்ரவுட் கையால் பெயர் எழுதப்படாத ஆள் அபூர்வம். நெடுஞ்சாலையோரம் இருந்த பெரிய கடையில் கேக் அலங்கரிப்பது அவள் வேலை. பிறந்தநாள், பட்டமளிப்பு, கால்பந்து வெற்றி, போருக்குப் போய்த் திரும்பிய பையன் என்று எதற்கும் அவள்தான் க்ரீம் பையைப் பிழிந்து பெயர் எழுதினாள். பருத்தி ஆலைக் கூலிக்காரனின் மகளாகப் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்த ஹாய்ட்டைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு மகளைப் பெற்றவள். பேச்சு குறைவு. பேசினால் காரம்.

அந்த வருஷம் ஏப்ரலில் கடையைத் திடுதிப்பென்று மூடினார்கள். மதியம் அறிவிப்பு, சாயங்காலம் பூட்டு. கழிவுநீர்க் குழாய் பழுதாம், சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகுமாம். வெர்லீனுக்கு வயிற்றெரிச்சல் இருந்தது, ஆச்சரியம் இல்லை. ரொட்டி அடுப்புக்குப் பின்னால் தரையிலிருந்து சாக்கடை பொங்கி வருவதைக் குளிர்காலம் முழுக்க ப்ளீச் ஊற்றித் தேய்த்தவளே அவள்தான். அந்த நாற்றம் அவள் தலைமுடியில் வீடுவரை வந்திருக்கிறது.

அதே நேரத்தில்தான் செய்தி வந்தது: கோடையில் டெக்சஸிலும் பக்கத்து மாநிலங்களிலும் ராணுவம் பயிற்சி நடத்தப் போகிறது. இது ஒரு செய்தி, கடை மூடியது ஒரு செய்தி. இரண்டையும் முடிச்சுப் போட இணையத்துக்கு ஒரு ராத்திரி போதும். மூடிய கடைகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள், கடைக்குள் சிறை கட்டுகிறார்கள், துப்பாக்கி வைத்திருப்பவர்களையெல்லாம் வாரிக் கொண்டுபோய் அங்கே அடைக்கப் போகிறார்கள். இப்படி எழுதியவன் எங்கள் ஊரைப் பார்த்தவன்கூட இல்லை. ஆனால் எங்கள் ஊரே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

எல்லாரையும்விட ஹாய்ட்தான் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினான். எண்ணெய் விலை சரிந்ததில் ஜனவரியிலேயே அவனுக்கு வேலை போயிருந்தது. மூன்று மாதம் சோபாவில் கிடந்தவன் திடீரென்று காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டான். கையில் போன், கண்ணில் வெளிச்சம்.

"சாக்கடைக்கு எதுக்கு மாசக்கணக்குல?" என்றான் அவன், முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தவளிடம்.

"தரை முழுக்கத் தோண்டணும். நான் பார்த்தேன். நான் மோந்தேன். நான் தேய்ச்சேன்."

"உன்னத் தேய்க்க வச்சதே அதுக்குத்தான். வெளியில வந்து சாக்கடைன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

வெர்லீன் அடுப்பை அணைத்தாள். "அப்போ என் மூக்கும் அவங்க ஆளா?"

"நீ விஷயத்தோட ஆழத்தைப் பார்க்க மாட்டேங்குற."

"முட்டைய நீயே கிளறிக்கோ. ஆழமா கிளறு."

கட்டிய மனைவி கண்ணால் கண்டதைவிட, முகம் தெரியாத எவனோ எழுதியது பெரிதாகப் போய்விட்டது. ஒரு மனுஷியை இதைவிட மட்டமாக அவமானப்படுத்த முடியாது. அடித்திருந்தால்கூட ஊரில் நாலு பேர் கேட்டிருப்பார்கள்.

மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்த லன்னி பிரூயிட்தான் இதை நம்பிய ஹாய்ட் கூட்டத்துக்குத் தலைவன். மூடிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் இவர்கள் காவல் போட்டார்கள். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பைனாகுலர், வெயிலுக்கு ஒரு கூடாரத் துணி. இரண்டாம் வாரம் ஒருவன் புகையடுப்பை இழுத்து வந்து மாட்டிறைச்சி வாட்ட ஆரம்பித்தான். அடிமைப்படப் போகும் ஜனங்கள் அவ்வளவு நன்றாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. குழாய் வேலைக்கு வந்த வண்டியை மறித்து, ஓட்டிவந்தவனிடம் எந்தப் படைப்பிரிவு என்று விசாரித்தார்கள். அவன் பயந்து திரும்பிப் போய், அடுத்த வாரம்தான் வந்தான். அப்படித் தாமதமானதையும் ஆதாரக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் இவர்கள் வண்டி ஒவ்வொன்றின் பின்னாலும் மஞ்சள் ரிப்பன் ஒட்டியிருக்கும், படைவீரர்களை ஆதரிப்போம் என்று. வெர்லீன் ஒருநாள் பெட்ரோல் பங்கில் லன்னியிடம் கேட்டேவிட்டாள்.

"ரிப்பனும் ஒட்டியிருக்க, ராணுவம் வருதுன்னு துப்பாக்கியும் தூக்குற. எது நெசம் லன்னி?"

"பசங்க நல்ல பசங்கதான்மா. அவங்கள ஏவி விடுறவங்கதான் மோசம்."

"வர்றது பசங்கதானே. ஏவி விடுறவன் எவனும் லாரி ஓட்டிக்கிட்டு வர மாட்டானே."

"உனக்கு வேலை போன கடுப்பு," என்றான் லன்னி. அதோடு பேச்சு முடிந்தது.

ஜூலை நடுவில் ஒரு புதன்கிழமை ஷெல்பி போன் செய்தாள். ஸ்ட்ரவுட் வீட்டு ஒரே மகள். பள்ளி முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்து லாரி ஓட்டுபவள், இப்போது சார்ஜென்ட். தூரத்து முகாமில் இருந்ததால் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷமாகிவிட்டது.

"அம்மா, எங்க வண்டிங்க அந்தப் பக்கமாத்தான் வருது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மூணு மணி நேரம் விடுறேன்னு சொல்லியிருக்காங்க. பொரிச்ச கறி பண்ணி வைப்பியா, வெள்ளைக் குழம்பு ஊத்தி?"

"கறி என்ன, மாட்டையே பொரிக்கிறேன்."

"அப்பா எப்படி இருக்காரு? கிறுக்குத்தனமா என்னவெல்லாமோ எழுதுறாரே. இங்க பசங்க காட்டிச் சிரிக்கிறாங்க. என் அப்பான்னு நான் மூச்சு விடல."

"நீ வந்து உட்காரு. உன்னப் பார்த்தா எல்லாம் தெளிஞ்சிடும்."

வெர்லீன் அதை நிஜமாகவே நம்பினாள். அவள் செய்த தப்பு அதுதான். ராணுவம் என்று அந்த ஆள் பயப்படுவது, தான் தோளில் தூக்கி வளர்த்த பெண்ணைப் பார்த்துத்தான் என்று தெரிந்தால், வெட்கப்பட்டு நாற்காலியை மடக்கிவிடுவான் என்று நினைத்தாள். அன்று சாயங்காலமே அவனிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், பழைய நெடுஞ்சாலை வழியாக. யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள்.

ஹாய்ட் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். பிறகு, "நம்ம ஷெல்பியா," என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றான். அவன் முதுகைப் பார்த்து, அழுகிறான் போலிருக்கிறது என்று எண்ணி, பாவம் என்றுகூட நினைத்தாள் வெர்லீன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. இறைச்சியைத் தட்டி மாவில் புரட்டினாள், உருளைக்கிழங்கு மசித்தாள், பீச் பழத்தை மாவால் மூடி அடுப்பில் வைத்தாள். ஹாய்ட் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, "நான் போய் வழியில பார்க்குறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவளுக்கு மனம் நிறைந்துபோனது.

மத்தியானம் தாண்டியது. கறி ஆறியது. போன் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கடையில் கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு தடவை ஒரே வீடியோவை அனுப்பியிருந்தார்கள். திறந்து பார்த்தாள்.

பழைய நெடுஞ்சாலையின் மேம்பாலம். நாற்பது ஐம்பது பேர், கொடிகள், தோளில் நீளத் துப்பாக்கிகள். படை திரும்பி வரும்போது அந்தப் பாலத்தில் கொடி பிடித்து நின்று வரவேற்பது எங்கள் ஊர் வழக்கம். கீழே வந்த லாரிக்காரர்கள் பாவம் அப்படித்தான் நினைத்தார்கள். வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, ஜன்னல் வழியே கையாட்டினார்கள். மூன்றாவது லாரியில் ஓட்டுபவனுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவள் பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு கையையும் ஆட்டி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாலும் பெற்றவளுக்குத் தெரியாதா.

வீடியோவில் லன்னியின் குரல்: "சிரிக்கிறா பாரு. நம்மள அடைக்க வர்றவ சிரிக்கிறா. இந்த மூஞ்சிய ஞாபகம் வச்சுக்கோங்க. இவளை யாருக்காவது தெரியுமா? ஹாய்ட், உனக்குத் தெரியுமா?"

கேமரா திரும்பியது. துவைத்த சட்டை. ஹாய்ட் கீழே பார்த்தான், லன்னியைப் பார்த்தான்.

"தெரியாது," என்றான்.

வெர்லீன் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இணையத்தில் அவனுடைய பக்கத்தைத் திறந்து அவன் எழுதியதையும் படித்தாள். 'என் சொந்த ரத்தம் தந்த உள்தகவல். ஞாயிறு மதியம், பழைய நெடுஞ்சாலை. வாருங்கள்.' புதன்கிழமை ராத்திரியே போட்டிருக்கிறான். ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்திருந்தார்கள். வாழ்க்கையில் முதன்முதலாக ஆயிரம் பேர் மதித்திருக்கிறார்கள் அவனை. அந்த உள்தகவல், சோறு தின்ன வீட்டுக்கு வரும் மகள்தான் என்று ஐம்பது பேர் நடுவில் எப்படிச் சொல்வான்? மதிப்பா மகளா என்று வந்தபோது மகளை விட்டான். நாய் இதைச் செய்யாது. மகளின் சிரித்த முகத்துக்குக் கீழே, துரோகி என்றும் அதைவிடக் கேவலமாகவும் எவனெவனோ எழுதிக்கொண்டே இருந்தான்.

ஷெல்பியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'பாலத்துல துப்பாக்கி இருந்ததால யாரையும் வெளிய விடல. பக்கத்து மாவட்டச் சந்தைத் திடல்ல இருக்கோம். மன்னிச்சுக்கோம்மா.'

வெர்லீன் சாப்பாட்டையெல்லாம் அலுமினியத் தாளில் சுற்றி வண்டியில் வைத்தாள். நேரே போகாமல் முதலில் மூடிய கடைக்குப் போனாள். வெற்றி கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். புகையடுப்பு எரிந்தது. இவளைப் பார்த்ததும் ஹாய்ட் எழுந்தான்.

"உட்காரு," என்றாள் அவனிடம். பிறகு, "லன்னி, ஒரு பொண்ணு மூஞ்சிய நிறுத்தி ஊருக்கே காட்டினியே, அவ யாருன்னு தெரியலையா உனக்கு?"

"ஹெல்மெட்டும் கண்ணாடியும். யாரா இருந்தா என்னம்மா?"

"ஷெல்பி. ஹாய்ட்டோட மக. அவ சண்டைக்குப் போனப்போ உன் கடை வாசல்ல போட்டோ ஒட்டி ரிப்பன் கட்டினவன் நீதான்."

ஒருவன் வாயிலிருந்த இறைச்சியை மெல்லுவதை நிறுத்தினான். லன்னி தொப்பியைக் கழற்றினான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவன் தலையைச் சொறிந்துவிட்டு ஹாய்ட் பக்கம் திரும்பினான்.

"உன் மக அந்த வண்டியில வர்றான்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

"அது வந்து, லன்னி..."

"தெரிஞ்சும் எங்ககிட்ட சொல்லல. எங்க எல்லாரையும் வரவச்சு வரிசையா நிக்க வச்ச. லாரியில கேமரா இருக்கும்ல? எங்க மூஞ்சி எல்லாம் இப்போ அவங்ககிட்ட. யார் சொல்லி இதைச் செஞ்ச?"

"பைத்தியமா உனக்கு? சாப்பிட வந்தா, அவ்வளவுதான்."

"சொந்த ரத்தம்னு எழுதினப்பவே நான் யோசிச்சிருக்கணும்," என்றான் இன்னொருவன்.

ஹாய்ட்டின் முகம் வெளிறிவிட்டது. வெர்லீனைப் பார்த்துக் கெஞ்சினான். "நீயாவது சொல்லு. உனக்குத்தானே போன் பண்ணினா. நடந்ததைச் சொல்லு இவங்களுக்கு."

"நான் சொன்னா யார் நம்புறா?" என்றாள் வெர்லீன். "நான் சாக்கடை தேய்ச்சவ. எனக்கு ஆழம் தெரியாது."

அவள் வண்டியைத் திருப்பியபோது லன்னி ஹாய்ட்டின் நாற்காலியை மடக்கி அவன் காலடியில் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருக்கக்கூடாது என்று சொல்லுகிற யோக்கியதை எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை.

சந்தைத் திடல் வாசலில் ஷெல்பியைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டார்கள். அம்மாவின் வண்டிப் பின்கதவைத் தாழ்த்தி அதன்மேல் உட்கார்ந்து, ஆறிப்போன கறியைக் கையாலேயே பிய்த்துத் தின்றாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டாளா என்று வெர்லீன் கேட்கவில்லை. பாதித் தட்டு காலியானபோது மகளே கேட்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

இத்தனை மாதமாக ஊரெல்லாம் பொய் சொன்னபோது ஒற்றை ஆளாக உண்மையைக் கட்டிக்கொண்டு நின்றவள், அன்று முதல் தடவையாகப் பொய் சொன்னாள்.

"அவருக்கு அடையாளம் தெரியலடி. ஹெல்மெட்டும் கண்ணாடியுமா இருந்தியாம். நீதான்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா?"

ஷெல்பி வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். தட்டைத் தாளால் திரும்ப மூடினாள், ஓரங்களை ஒவ்வொன்றாக அழுத்தி.

"'அப்பா'ன்னு கத்தினேன்மா," என்றாள். "கேட்டுத்தான் குனிஞ்சு பார்த்தாரு."